லேபில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை

போன மாதம் அக்கா மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்த செமஸ்டரில் வெப் புரோகிராமிங் பேப்பர், கூடவே லேப். "மாமா, லேப்ல ஓடுற புரோகிராம் வீட்ல ஓட மாட்டேங்குது. பத்து தடவை பாத்துட்டேன், ஒரு எழுத்துகூட மாறல" என்றாள்.

பார்த்தேன். உண்மையிலேயே ஒரு எழுத்தும் மாறவில்லை. டேட்டாபேஸோடு இணைக்க அவள் லேப் ரெக்கார்ட் நோட்டில் இருந்தது, பிஎச்பி என்ற வெப் மொழியின் மைஎஸ்கியூஎல் கனெக்ட் என்ற பழைய ஃபங்ஷன். 2013-ல் பிஎச்பி 5.5 வந்தபோதே இதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-ல் அடியோடு எடுத்தும்விட்டார்கள். அப்போது இவள் நாலாம் வகுப்பு. கல்லூரி லேபில் இன்னும் பழைய பதிப்பு இருப்பதால் அங்கே ஓடுகிறது. வீட்டில், பிஎச்பியை ஓட்டும் ஸாம்ப் என்ற மென்பொருளைப் புதிதாகப் போட்டிருக்கிறாள், அதனால் ஓடவில்லை. தன் மேல்தான் தப்பு என்று நினைத்து இரண்டு நாள் சரியாகத் தூங்கவே இல்லையாம். எனக்கு ஆற மாட்டாமல் இருப்பது அதுதான்.

சரி, ஓட வைத்துக் கொடுத்தேன். அப்புறம் சும்மா ஒரு கேள்வி கேட்டேன்: படிவத்தில் நிரப்பியதை, பக்கங்களைத் தரும் கணினியான சர்வருக்கு அனுப்ப இரண்டு வழி உண்டே, கெட்டுக்கும் போஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம்? "கெட்ல போட்டா யூஆர்எல்ல தெரியும், போஸ்ட் செக்யூர்" என்று டக்கென்று பதில் வந்தது. வைவாவில் இந்தப் பதிலுக்கு முழு மார்க் கிடைக்கும். நானும் ஒரு காலத்தில் இதைச் சொல்லித்தான் பாஸானேன்.

பிரவுசரில் எஃப்12 அழுத்தி, போய்வரும் தகவலைக் காட்டும் நெட்வொர்க் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அவளே எழுதிய லாகின் படிவத்தில் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு அனுப்பினாள். போன கோரிக்கையைத் தொட்டு, அதில் அனுப்பிய தகவல் இருக்கும் பேலோடைத் திறந்தாள். பாஸ்வேர்ட் அப்படியே எழுத்தெழுத்தாக நின்றது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்ப செக்யூர் இல்லையா மாமா?" போஸ்ட்டில் தகவல் கோரிக்கையின் உடலுக்குள் போகிறது, அவ்வளவுதான். வழியில் அதை மறைப்பது எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு முறை. ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்த பெண், பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவே போய்வருவதை அன்றைக்குத்தான் முதல்முறை கண்ணால் பார்த்தாள்.

என் வாதம் இதுதான். டைனமிக் வெப் என்பதை நம் வகுப்புகளில் பாஷையாகச் சொல்லிக்கொடுக்கிறோம். கொஞ்சம் எச்டிஎம்எல், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், கொஞ்சம் சர்வ்லெட், கொஞ்சம் பிஎச்பி. ஆனால் நடப்பது என்ன? ஸ்டேடிக் பக்கம் கட்டி வைத்த பொட்டலம், யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடலாம். டைனமிக் பக்கம் கேட்ட பிறகு கல்லில் ஊற்றும் தோசை. யார் கேட்டது, என்ன கேட்டது, டேட்டாபேஸில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் சர்வர் பக்கத்தைச் சுடுகிறது. கொடுத்த கையோடு கேட்டவரை மறந்தும்விடுகிறது. அந்த மறதியைச் சமாளிக்கத்தான், கேட்டவரை அடையாளம் வைத்துக்கொள்ளும் குக்கியும் செஷனும் வந்தன. இந்த ஓட்டம் மனதில் பதிந்துவிட்டால் எந்தப் பாஷையையும் பிள்ளைகள் தாங்களே பிடித்துக்கொள்வார்கள்.

பிஎச்பி பிறந்த கதையே இதற்குச் சாட்சி. 1994-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப், இணையத்தில் போட்டிருந்த தன் ரெஸ்யூமை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள சி மொழியில் எழுதிய சின்னச் சின்ன நிரல்கள்தான் அதன் தொடக்கம். அவருக்கு அது தேவைப்பட்டது, எழுதினார். நம் பிள்ளைகள் எழுதும் லாகின் பக்கத்தில் யாரும் லாகின் செய்யப்போவதில்லை. எய்ம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், ரிசல்ட் எழுதிக் கையெழுத்து வாங்கியதும் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது.

அக்கா வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறாள். ஆர்டர் எல்லாம் ஒரு நோட்டில்தான். "அந்த நோட்டை வெப் பக்கமா செஞ்சு பாரேன்" என்று அக்கா மகளிடம் சொன்னேன். ஒரு வாரத்தில் செய்துவிட்டாள். அம்மாவைக் கூப்பிட்டு முதல் பெயரைப் போடச் சொன்னாள். அக்கா தமிழில் 'வள்ளி' என்று தட்டினாள். திரையில் வந்தது ஐந்து கேள்விக்குறி.

ரெக்கார்டிலிருந்து எடுத்த, டேட்டாபேஸில் டேபிள் உருவாக்கும் கட்டளையில் எழுத்துமுறை லத்தீன்1 என்று இருந்தது. அதில் தமிழுக்கு இடமே கிடையாது. எல்லா மொழி எழுத்துக்கும் இடம் தரும் யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றியதும் திரையில் வள்ளி வந்தாள். ஏன் ஐந்து கேள்விக்குறி என்று அக்கா மகள் விடாமல் கேட்டாள். நமக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடுக்கு வ, ள, புள்ளி, ள, இகரக் குறி என்று ஐந்து. ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. பைட் எண்ணிக்கை சொல்லும் எஸ்டிஆர்லென் ஃபங்ஷனைப் போட்டுப் பார்த்து 15 வந்ததும் கைதட்டினாள். தமிழ்நாட்டுக் கல்லூரியில் வெப் படிக்கும் பிள்ளைக்கு இது முதல் வாரப் பாடமாக இருந்திருக்க வேண்டாமா?

ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் பாடு எனக்குத் தெரியும். சிலபஸ் மாற வருடங்கள் ஆகும், லேப் சிஸ்டத்தில் எதையும் மாற்ற அனுமதி கிடைக்காது. ஆனாலும் முதல் லேபை எஃப்12-ல் தொடங்க யாருடைய அனுமதியும் வேண்டாம். ரெக்கார்டில் எழுதும் பன்னிரண்டு பயிற்சிக்குப் பதில், வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது உதவுகிற ஒன்றை முழுதாகச் செய்யச் சொல்லலாம். செய்ததைப் பக்கத்து மாணவரிடம் கொடுத்து உடைக்கச் சொல்லலாம். பாஸ்வேர்ட் பெட்டியில் ஒரு ஒற்றை மேற்கோளை வைத்து உள்ளே புகுந்து காட்டினால், பெட்டியில் தட்டியதை டேட்டாபேஸ் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் தடுக்கும் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் எதற்கு என்று யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

அடுத்த வாரம் அவளுக்குப் பிராக்டிகல். ரெக்கார்டில் உள்ளபடி எழுதினால்தான் மார்க் என்று சொல்லியிருக்கிறார்களாம். நேற்று போன் செய்தபோது மைஎஸ்கியூஎல் கனெக்ட்டை மறுபடி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பின்னால் அக்காவின் தையல் மெஷின் சத்தம் கேட்டது.