உழுந்தை விற்று விசுக்கோத்து வாங்குகிறோம்

போன மாசியில் எங்கள் முற்றத்தில் உழுந்து அடித்துக் குவித்திருந்தோம். வியாபாரி லொறியோடு வந்தார், நிறுத்தார், காசைத் தந்துவிட்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார். அன்று பின்னேரம் அந்தக் காசில் சந்திக் கடையில் நான் வாங்கியவை: இரண்டு பெரிய விசுக்கோத்துப் பைக்கற், நூடில்ஸ், சொசேஜ், ஒரு பெரிய போத்தல் சோடா. வீட்டுக்கு வந்து மேசையில் பரப்பியபோதுதான் உறைத்தது. விதைக்கு எடுத்து வைத்ததைத் தவிர வீட்டில் ஒரு சுண்டு உழுந்து இல்லை.

அன்றிலிருந்து இதே யோசனைதான். நாங்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஆட்கள். நெல்லை ஈரத்தோடு களத்தில் வைத்தே விற்றுவிட்டு, தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியைக் கடையில் வாங்குகிறோம். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி வைற்றமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கும். அம்மம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது, ஆனால் அவித்துக் குத்திய சிவப்பரிசிச் சோறு வயிற்றில் நிற்கும் என்று தெரியும். இன்று என் அம்மா மாதாமாதம் கிளினிக் கொப்பியோடு சீனி வருத்தத்துக்கு வரிசையில் நிற்கிறா. அந்த வரிசையில் இப்போது என் வயதுக்காரரும் நிற்கிறார்கள்.

இந்தப் பழக்கம் எங்களுக்குச் சோம்பலால் வரவில்லை. 2009இல் போரால் இடம்பெயர்ந்து இருந்த செட்டிக்குளம் முகாமில் நிவாரணமாகக் கிடைத்தது வெள்ளை மா, பருப்பு, சீனி. அதுதான் உயிரைப் பிடித்து வைத்தது, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அப்போது ரொட்டி தின்று வளர்ந்த பிள்ளைகளுக்குக் குரக்கன் புட்டின் ருசி தெரியாமலே போய்விட்டது. காணிக்குத் திரும்பினோம், கிணறு இறைத்தோம், வீடு கட்டினோம். நாக்கு மட்டும் இன்னும் ஊர் திரும்பவில்லை.

2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹோல் என்பவரின் குழு 20 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வை வெளியிட்டது. இரண்டு கிழமை ஆலையில் செய்த உணவு, இரண்டு கிழமை வீட்டுச் சமையல் போன்ற உணவு. பரிமாறிய உணவில் சீனி, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு, அதில் வேண்டியமட்டும் சாப்பிடலாம். ஆலை உணவின்போது ஒருவர் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார், எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. மற்றதில் அதே அளவு இறங்கியது. என் மகன் பைக்கற் முடியும்வரை நிறுத்தாமல் தின்பதும், இரண்டு எள்ளுருண்டையோடு போதும் என்று எழும்புவதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சோடாப் போத்தலில் சீனி அளவைக் காட்டும் நிற வட்டம் 2016 இலிருந்து இருக்கிறது. பார்த்து வாங்குங்கள். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் என்றால் 500 மில்லிப் போத்தலில் 50 கிராம், அதாவது 12 தேக்கரண்டிக்கு மேல். வளர்ந்த ஒருவருக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பதப்படுத்தியது எல்லாமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கருவாடும் புழுக்கொடியலும் பதப்படுத்தியவைதான். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் திரிபோஷாச் சத்துமாவும் ஆலையில் செய்ததுதான், அது தேவை. காலை ஐந்தரைக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ் ஏறுகிற தங்கச்சியிடம் போய் இடியப்பம் பிழி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வீட்டு ஆண்கள் தேங்காய் துருவலாம், புட்டுக் குழைக்கலாம். அதைச் சொல்ல வாய் வரும்.

ஒரு விஷயம்தான் மனதைக் குடைகிறது. பிள்ளை பெரியபிள்ளையானால் உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் தேடித் தேடிக் கொடுக்கிறோம். எது உடம்புக்கு உரம் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதே பிள்ளை அடுத்த மாதம் ரியூசனுக்குப் போகும்போது கையில் மிக்சர் பைக்கற்றைக் கொடுத்து அனுப்புகிறோம்.

சரி, வீட்டில் என்ன மாற்றினோம்? ஞாயிற்றுக்கிழமை சிவப்பரிசி, பயறு, உழுந்து, கொஞ்சம் கடலை வறுத்து மில்லில் அரைத்து வைக்கிறோம். தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் போட்டுக் குழைத்தால் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து நிமிட வேலை. வேலியில் முருங்கை நிற்கிறது, கிணற்றடியில் வல்லாரை. பின்னேரம் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டால் சின்னவள் இன்னும் வாசலுக்கு ஓடுகிறாள், கிழமையில் ஒரு நாள் பணிஸ் வாங்கிக் கொடுக்கிறேன். வருகிற மாசியில் இரண்டு மூட்டை உழுந்து வீட்டுக்கு என்று இப்போதே இவரிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

குரக்கன்தான் கிடைக்கவில்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யாராவது போட்டிருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே வந்து வாங்குகிறேன். தவிடு போகாமல் அரிசி குற்றித் தருகிற மில் கிளிநொச்சிக்குக் கிட்ட இருந்தால் அதையும் எழுதுங்கள்.