யாருடைய நேரத்தில் எழுதுகிறோம்?

"தினமும் ஆயிரம் சொல்" என்று புத்தாண்டில் சபதம் போடும் எழுத்தாள நண்பர்களைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் என் வீட்டில் அந்தக் கணக்கு நடக்காது. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக் கிளம்பினால் மறுநாள் காலைதான் கரை. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. அந்த மூன்று இரவுகள்தான் என் எழுத்து நேரம். காற்று எச்சரிக்கை வந்துவிட்டால் அதுவும் போச்சு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். "இப்ப உட்கார்ந்து எழுதலாமே" என்பார்கள், கடற்கரையில் வாழாதவர்கள். வீட்டில் ஆள் இருப்பார், காசு இருக்காது. எந்தக் கடனை எப்போது அடைப்பது என்ற பேச்சுக்கு நடுவே கதை எங்கே வரும்? அந்த இரண்டு மாதத்துக்கு நான் இலக்கே வைப்பதில்லை. வாசிப்பதோடு சரி.

இலக்கு வைக்கிறவர்கள் எத்தனை சொல் என்று கேட்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம் யாருடையது என்று கேட்பதில்லை. நான் எழுதும் இரவில் பிள்ளையைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வது என் மாமியார். அவருக்கு இடுப்பு வலி கூடினால் என் இலக்கு குறைய வேண்டும், அதுதான் நியாயம். நன்றியைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு ஒத்திப்போடாமல், இலக்கு வைக்கும்போதே கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. தினம் மூன்று வரி நன்றி எழுது, வானத்துக்குச் சொல், காற்றுக்குச் சொல் என்கிறார்களே, அது எனக்கு ஒட்டவில்லை. நன்றி என்றால் ஆள் பேர் வேண்டும்.

உமறுப்புலவர் அதைச் செய்தார். கீழக்கரை வள்ளல் சீதக்காதி கேட்டுக்கொண்டதால் சீறாப்புராணம் பாடத் தொடங்கினார், வள்ளல் இடையில் காலமாகிவிட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் ஆதரித்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அந்த அபுல் காசிமை உமறு நூலுக்குள்ளேயே பல இடங்களில் பேர் சொல்லி வாழ்த்துகிறார். கம்பர் சடையப்பரை வாழ்த்திய அதே வழி. இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும்: 5027 பாட்டு பாடியும் நபிகளின் வரலாறு முழுதாக முடியவில்லை. மீதியைக் காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். முடியாத நூலைத்தான் முந்நூறு வருடமாகத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். நான் ஒரு சிறுகதையை இந்த மாதம் முடிக்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

இப்போதைய இலக்கு, பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் அக்காக்கள் பற்றிய கதைகள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சுப் பிடித்து முங்குகிறவர்கள். பாசிக்கு இறங்காத நாளில் எனக்காக உட்கார்ந்து பேசினார்கள். கதையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர்களுக்கு வாசித்துக் காட்டுவது என்று வைத்திருக்கிறேன். முதல் கதையை வாசித்தேன். யாருக்கு நன்றி என்று பேரும் போடப்போகிறேன் என்றேன். ஒரு அக்கா, "பேரெல்லாம் போட்டுக்கத்தா, நான் சொன்ன அந்தக் கெட்ட வார்த்தையை மட்டும் எடுத்துரு" என்றார். கதையில் உயிரோடு இருப்பதே அந்த ஒரு வரிதான். இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.