பாட்டைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

பள்ளி ஆண்டு விழாவில் நடந்தது எல்லோருக்கும் தெரியும், வீடியோவும் சுற்றிவிட்டது. தோட்ட வேலைக்குத் தமிழகத்திலிருந்து இலங்கை போன எங்கள் ஆட்கள் மன்னாரில் இறங்கி, ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணி பின்னால் மாத்தளை வரை காட்டுவழியே நடந்த கதையை நாலாம் வகுப்புப் பிள்ளைகள் தப்பு மேளம் அடித்துப் பாடினார்கள். விழா நடத்தியவர்கள் பாதியில் நிறுத்தி, "அழுகைப் பாட்டு குழந்தைகளுக்கு எதுக்கு?" என்று மைக்கிலேயே கேட்டார்கள். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு தோட்டத் தமிழர்களை இந்தியாவும் இலங்கையும் பங்குபோட்ட 1964 ஒப்பந்தத்தை வேறு எப்படிச் சொல்வீர்கள்? 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றா? எண்ணெல்லாம் பரீட்சையோடு போய்விடும். பாட்டு போகாது.

என் அம்மாச்சி இலங்கை அட்டனிலிருந்து கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, ராமேஸ்வரம், மண்டபம் முகாம் என்று அலைந்து கோத்தகிரி வந்தவர். தம்பியைத் தூங்கவைக்கும்போது, அங்கிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டி மூடியில் விரலால் தட்டியபடி இந்த ஊர்ப் பெயர்களை வரிசையாகத் தாலாட்டில் பாடுவார். அட்டன் வரும் இடத்தில் மட்டும் விரல் நின்றுவிடும். அங்கேதான் அம்மாச்சியின் தங்கச்சி பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டார். அவர் குடும்பத்துக்கு இலங்கைக் குடியுரிமை. ஒப்பந்தத்தைப் படிப்பதற்குப் பத்து வருடம் முன்பே அந்த இடைவெளி எனக்குத் தெரியும்.

பிள்ளைகள் பயந்துவிடும் என்கிறீர்கள். சரி, 1948இல் இலங்கை எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்ததையெல்லாம் நாலாம் வகுப்பில் விரித்துச் சொல்ல வேண்டாம். ஆனால் ராமன் காட்டுக்குப் போனதையும், கண்ணகி புகாரை விட்டு மதுரைக்கு நடந்ததையும் சொல்லித்தானே வளர்க்கிறோம்? எங்கள் ஆட்கள் நடந்தால் மட்டும் அது அழுகைப் பாட்டா?

தப்பு சாவு மேளம் என்று ஒருவர் எழுதியிருந்தார். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூட்டிக் கணக்கெடுப்பது) எழுப்பியதும் தப்புதான், காமன் கூத்துத் திருவிழாவுக்கு அடித்ததும் தப்புதான். அவருக்கு அவ்வளவுதான் பதில்.

இந்தியக் குடியுரிமையோடு வந்த அம்மாச்சியை சாகும்வரை 'சிலோன் அகதி' என்றார்கள். ரேஷன் கடை வரிசையில் என் காதுபடவே. அப்படிச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகளும் அன்று மேடையில் தப்பு பிடித்திருந்தார்கள். அதில் ஒருத்தி ஒத்திகையின்போது என் மகளிடம், "உங்க பாட்டி நெசமாவே கப்பல்ல வந்தாங்களா?" என்று கண் விரியக் கேட்டிருக்கிறாள். ஐம்பது வருடமாக எங்கள் வீட்டில் யாரும் வந்து கேட்காத கேள்வி அது. அதைத்தான் நிறுத்திவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் எங்கள் வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாட்டு அவர்களுக்குத் தெரியும். தகரப் பெட்டியைத் துடைத்து வைத்தாயிற்று.