டூரிசம் படித்தால் ஊர் சுற்றலாமா?

"பயணம் பிடிக்குமா? கண்ணை மூடிக்கொண்டு டூரிசம் சேருங்கள், வேலையே ஊர் சுற்றுவதுதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள். அந்தப் படிப்பு கற்றுத்தருவது அடுத்தவரை ஊருக்கு அனுப்பிவைக்கும் வேலையை. டிக்கெட், விசா, ஓட்டல் முன்பதிவு, பேக்கேஜ் விலை, புகார்களுக்குப் பதில் என்று பெரும்பாலும் மேசை வேலைதான். எல்லோரும் விடுமுறைக்குக் கிளம்பும்போது உங்களுக்கு லீவும் கிடைக்காது. பயணிகள் குழுவோடு கூடவே போகும் டூர் மேனேஜர்கள் சுற்றுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் துறையில் அவர்கள் ஒரு பகுதிதான்.

வேலையோடு பயணமும் வருவது வேறு இடங்களில். நிலவியல், தொல்லியல், கடல் உயிரியல் படித்தவர்களுக்குக் களப்பணி உண்டு. புது இயந்திரத்தை வாங்கியவர் இடத்துக்கே போய் நிறுவி ஓட்டிக்காட்டும் எஞ்சினியர்களும் நிறையச் சுற்றுகிறார்கள். (அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் தொழிற்சாலையின் உட்புறம், அது வேறு கதை.)

கப்பல் வேலையையும் ஊர் சுற்றும் வேலை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கன்டெய்னர் கப்பல் பல துறைமுகங்களில் ஒரே நாளில் சரக்கை ஏற்றி இறக்கிவிட்டுக் கிளம்பிவிடும். கரையில் கால் வைக்கவே நேரம் இருக்காது. வீட்டைப் பார்க்க மாதக்கணக்கில் ஆகும். டெக் அதிகாரியாக (கப்பலைச் செலுத்தும் அதிகாரி), நிறங்களைப் பிரித்தறியும் நிறப்பார்வைச் சோதனையிலும் தேற வேண்டும், படிப்புக்குப் பணம் கட்டும் முன்பே கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

படிக்கும்போதே நாடு பார்க்க ஆசையென்றால், பிடித்த பாடத்தையே எடுத்துக்கொண்டு, பரிமாற்ற செமஸ்டர் (ஒரு பருவத்தை வெளிநாட்டுக் கல்லூரியில் படிப்பது) உள்ள கல்லூரியாகத் தேடுங்கள். முதுகலைக்கு எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் படிப்புகள் இருக்கின்றன, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துபவை. அவற்றில் குறைந்தது 2 நாடுகளில் படிக்க வேண்டும்.