எழுத்தின் உயரத்துக்குச் சட்டம் இருக்கிறது

டெக்சாஸில் சில கடைகளின் கண்ணாடிக் கதவில் பெரிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்கும். சட்டப் பிரிவின் எண்ணை வைத்து 30.06 போர்டு என்பார்கள். லைசென்ஸே வைத்திருந்தாலும் துப்பாக்கியை மறைத்து உள்ளே கொண்டுவராதே என்று அர்த்தம். ஒவ்வோர் எழுத்தும் ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டுமென்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இத்தனை நுணுக்கம் பார்க்கிறவர்கள், இடுப்பில் துப்பாக்கியைச் செருகுகிற ஆளுக்குச் சுடத் தெரியுமா என்று கேட்பதை மட்டும் 2021 செப்டம்பரோடு விட்டுவிட்டார்கள்; அன்றிலிருந்து லைசென்ஸ் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். என் எரிச்சல் அதில்தான்.

துப்பாக்கியே கூடாது என்கிற கட்சி இல்லை நான். 1991ல் கில்லீன் ஊரின் லூபிஸ் உணவகத்தில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். சுசானா ஹப் அங்கே அப்பா அம்மா இருவரையும் பறிகொடுத்தார். அவரிடம் கைத்துப்பாக்கி இருந்தது. அன்றைய சட்டத்துக்குப் பயந்து காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அதைத்தான் அவர் சட்டமன்றத்தில் போய்ச் சாட்சி சொன்னார். 1995ல் டெக்சாஸ், லைசென்ஸ் வாங்கியவர்கள் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதித்தது. அவர் முன்னால் நின்று எதிர்வாதம் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் அந்தச் சட்டமும் வகுப்புக்குப் போ, தேர்வு எழுது என்றுதானே சொன்னது? சுடும் தேர்வு ஒன்றும் மலையைப் புரட்டுவதில்லை. 3, 7, 15 கஜத்திலிருந்து 50 குண்டு, 250க்கு 175 எடுத்தால் பாஸ். அதைவிட, எப்போது சுடலாம், எப்போது கூடாது, வாய்த்தகராறு முற்றாமல் எப்படி விலகுவது என்று உட்காரவைத்துச் சொல்லித்தருவார்களே, அதுதான் பெரிது. இப்போது விருப்பமிருந்தால் லைசென்ஸ் எடுக்கலாம், அவ்வளவுதான்.

அரசியல் சட்டம் தந்த உரிமைக்குப் பரீட்சை எதற்கு என்பார்கள். சரி, 2022ல் உச்ச நீதிமன்றம் நியூயார்க் சட்டத்தை 6-3 என்று அடித்ததே, அந்தத் தீர்ப்பையே பாருங்கள். வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்லத் தனிக் காரணம் காட்டு என்று நியூயார்க் கேட்டதைத்தான் தப்பு என்றார்கள். பின்னணிச் சோதனையும் பயிற்சியும் முடித்தவருக்கு லைசென்ஸ் தரும் மாநிலங்களின் முறையில் கைவைக்கவில்லை. ஆக வகுப்பை நீக்கியது நீதிமன்றக் கட்டாயம் இல்லை, டெக்சாஸ் தலைநகர் ஆஸ்டினில் இருக்கும் அரசியல்வாதிகளின் விருப்பம்.

அப்புறம், எச்1பி வேலை விசாவில் இருக்கும் தம்பிகளுக்கு: டெக்சாஸில்தான் லைசென்ஸே வேண்டாமே என்று நினைத்துவிடாதீர்கள். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் தவிர, உங்கள் விசாவில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். நண்பர்கள் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கூப்பிட்டாலும் முதலில் வக்கீலிடம் கேளுங்கள்.