சும்மா இருக்கிறதுக்கும் அனுமதி வாங்கணுமா?

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு நான் அனுப்பப் போவதில்லை. கன்னியாகுமரிப் பக்கத்து மருந்துவாழ்மலையில் பாறைமேல் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற பொம்பிளை நான்தான். பின்னால் நின்று எடுத்து, ஒரு பாட்டையும் சேர்த்து, "எங்க அத்தை சாமியார் ஆயாச்சு" என்று போட்டவன் என் அண்ணன் மகன். சின்னப் பையன், கூட்டுக்காரர்களோடு மலை ஏற வந்தவன். அவன்மேல் பெரிய கோபம் இல்லை. ஆனால் அதன் கீழே எழுதியவர்களில் பாதிப் பேர் என் கையால் சோறு தின்றவர்கள். இரண்டு நாளாக உறக்கம் இல்லை.

நான் சாமியாராகவில்லை. வீட்டை விட்டுப் போகவில்லை. காலையில் நாலரைக்கு எழும்பி, அடுக்களைக்குப் பின்னால் இருக்கிற திண்ணையில் ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கிறேன். மாதத்தில் ஒரு நாள் தக்கலையில் பஸ் ஏறி, நாகர்கோவிலில் மாறி, மலைக்குப் போகிறேன். மதியச் சோற்றுக்கு வீட்டில் இருப்பேன். இவ்வளவுதான். இதற்கு நான் யாருக்கு விளக்கம் சொல்ல வேண்டும்?

நம்ம ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி விசாரித்தால், "அவ வீட்ல சும்மாதான் இருக்கா" என்பார்கள். ரப்பர் பால் உறைய வைத்து ஷீட் அடித்து, மாட்டுக்குப் புல் அறுத்து, மூன்று பிள்ளைகளை ஆளாக்கி, படுக்கையில் கிடந்த மாமியாருக்கு ஒன்பது வருஷம் எல்லாம் செய்து, இருபத்தெட்டு வருஷம் நானும் அப்படித்தான் "சும்மா" இருந்தேன். அப்போது யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. மெய்யாகவே சும்மா இருக்கத் தொடங்கியது இந்த மூன்று வருஷமாகத்தான். அதுதான் கண்ணில் குத்துகிறது.

என் அப்பா வருஷம் தவறாமல் சிவாலய ஓட்டம் ஓடினவர். காவி கட்டி, கையில் பனையோலை விசிறியோடு, முஞ்சிறைத் திருமலையிலிருந்து திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில். "கோவிந்தா கோபாலா" என்று கூட்டம் சத்தம் போட்டு வரும். ஏழாவது கோயிலான கல்குளத்தில் நானும் அம்மையும் சுக்குநீர் வைத்துக் காத்துக்கொண்டு நிற்போம். சிவராத்திரி முடிந்து வீட்டுக்கு வரும்போது பாதம் வீங்கியிருக்கும். இரண்டு நாள் அம்மை தைலம் தடவுவாள். ஒரு தடவை கேட்டேன், எதற்கப்பா இப்படி ஓடுகிறீர்கள் என்று. "ஓடும்போ மனசுல ஒண்ணும் தோணாது மக்களே. அதுக்குத்தான்" என்றார். அப்பாவை யாரும் கிறுக்கு என்று சொல்லவில்லை. வழி நெடுக மோரும் பானகமும் கொடுத்தார்கள். அவர் ஓடித் தேடினதை நான் உட்கார்ந்து தேடுகிறேன்.

நான் போகிற அதே மலையில், பிள்ளைத்தடம் குகையில் நாராயண குரு தவம் இருந்தார். அதற்குப் பிறகுதான் 1888-ல் அருவிப்புறத்தில் சிவனைப் பிரதிஷ்டை செய்தார். கன்னியாகுமரிப் பாறையில் விவேகானந்தர் உட்கார்ந்தது 1892 டிசம்பரில். அவர்களோடு என்னை ஒப்பிடவில்லை, யாராவது அப்படி எழுதுவதற்கு முன்னமே சொல்லிவிடுகிறேன். ஆனால் "மதியத்துக்கு என்ன கறி வச்சிட்டு வந்தீரு" என்று அவர்களிடம் யாரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. என்னிடம் கேட்டார்கள். வீடியோவுக்குக் கீழே முதல் கமென்டே அதுதான். மரச்சீனி அவித்து, சாளைக்கறி வைத்து மூடிவிட்டுத்தான் போனேன். போதுமா?

எவனாவது போலிச் சாமியாரிடம் மாட்டிக்கொள்வேன் என்று பயப்படுகிறவர்களுக்கு: பயம் நியாயம்தான். நம் சொந்தத்திலேயே நகையைக் கழற்றிக் கொடுத்து ஏமாந்தவர்கள் உண்டு. நான் எந்தக் கூட்டத்திலும் சேரவில்லை. யாரிடமும் மந்திரம் வாங்கவில்லை, ஒரு ரூபாய் கட்டவில்லை. மூச்சைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். மனசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும், பசுவைப் பிடித்து வருகிறது மாதிரி திரும்பக் கொண்டுவந்து கட்டுவேன். பாதி நாள் சீட்டுப் பணமும் ரப்பர் விலையும்தான் மனசில் ஓடும். ஒளியெல்லாம் ஒன்றும் தெரியவில்லை.

கோயில் இருக்கும்போது மலை எதற்கு என்று ஒரு மாமா எழுதியிருக்கிறார். கோயிலுக்கும் போகிறேன் மாமா. அய்யா வைகுண்டரின் சுவாமித்தோப்புப் பதியில் சிலை கிடையாது, கண்ணாடிதான். விளக்கும் அதற்குள்ளே நம் முகமும். அதன் முன்னால் நிற்கும்போது வருகிற மனசுதான் எனக்குத் திண்ணையிலும் வருகிறது. இதெல்லாம் மூடத்தனம் என்கிற தம்பிகளுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

"மைண்டுக்கு சுகமில்லேன்னா டாக்டரப் பாரு" என்று எழுதியது யார் என்று பெயர் சொல்ல மாட்டேன். மனசுக்கு முடியாமல் போனால் டாக்டரிடம் போவதில் ஒரு குறைச்சலும் இல்லை. நானே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் ஒரு பெண் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தாலே நோய் என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள்? நாள் முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டு இருக்கிறவர்களை யாரும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போவதில்லையே?

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். மாமியார் போவதற்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம், என் கையைப் பிடித்து "எனக்க பக்கத்துல கொஞ்ச நேரம் சும்மா இரு பிள்ளே" என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் மருந்தோ வெள்ளமோ இல்லாமல் கேட்டது அது ஒன்றுதான். அடுப்பில் அரிசி கிடக்கிறது என்று சொல்லி எழும்பிப் போனேன். கஞ்சியோடு திரும்பி வந்தபோது உறங்கிவிட்டார். அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சு வரவில்லை. எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் ஒரு நாள் உட்கார்ந்தேன். எழும்ப மனசு வரவில்லை. நான் உட்காரத் தொடங்கியது அங்கேதான், எந்த ஆசிரமத்திலும் இல்லை.

இது மைனிக்குத் தெரியும். பதினாறாம் நாள் எல்லோரும் போன பிறகு, அடுக்களையில் வைத்து உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். நீங்களும் என்னோடு அழுதீர்கள்.

அந்த வீடியோவுக்குக் கீழே, விழுந்து விழுந்து சிரிக்கிற மூஞ்சி மூன்று போட்டிருக்கிறீர்கள் மைனி. இதை எழுதுவதற்கு முன்னாலும் போய்ப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.