அடுப்பில்லா இனிப்புக்கு ஒரு மேஸ்திரி

(சேலம் அம்மாபேட்டையில் ஒரு வீட்டுச் சமையலறை. மே மாதம், காலை பத்து மணி. கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கும் பாப்பாவும் அவளுடைய தாய்மாமாவும். மாமா கட்டட மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் சைட்டில் வேலை இல்லை. அதனால் யார் வேலையில் வேண்டுமானாலும் தலையிடலாம்.)

மாமா: என்ன கண்ணு, உள்ளே ஜல்லி உடைக்கிற சத்தம் கேட்கிறது?

பாப்பா: மேரி பிஸ்கெட் மாமா. சாயந்திரம் ஏற்காட்டில் பெரியம்மா வீட்டில் எல்லாரும் கூடுகிறோம் இல்லையா, அங்கே கொண்டுபோக ஒரு இனிப்பு. அடுப்பே வேண்டாம். கீழே பிஸ்கெட், நடுவில் கிரீம், மேலே பெர்ரி.

மாமா: மாங்கனி நகரத்தில் உட்கார்ந்துகொண்டு பெர்ரியா? திண்ணையில் ஒரு கூடை மல்கோவா கிடக்கிறதே.

பாப்பா: அங்கே வருகிற 18 பேரும் மாம்பழம்தான் கொண்டுவருவார்கள். போன வருஷம் மூன்றாம் நாள், தோலைப் பார்த்ததும் பெரியம்மா வீட்டு மாடே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மாமா: சரி, ஸ்ட்ராபெர்ரி எங்கே?

பாப்பா: அது குளிர்காலத்துப் பழம். இப்போது கடையில் இருப்பது டப்பாவுக்கு எட்டு. மேலே நாலு சிவப்பு, அடியில் நாலு பச்சை.

மாமா: 1820களில் காக்பர்ன் என்று இங்கே ஒரு கலெக்டர். ஏற்காட்டுக்குக் காபியையும் பேரியையும் கொண்டுவந்த துரை. அப்படியே நாலு ஸ்ட்ராபெர்ரிச் செடியையும் மூட்டையில் போட்டுக்கொண்டு வந்திருந்தால் உனக்கு இந்தக் கஷ்டம் உண்டா?

பாப்பா: துரையை விடுங்க. உங்கள் பை ஏன் மாமா ரத்தக்களரியாக இருக்கிறது?

மாமா: இதுவா? ஓமலூர் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பு மனை ஒன்று கட்டுகிறேன் இல்லையா, அங்கே வேலியோரம் ஒரு மல்பெரி. மற்ற செடியை எல்லாம் இலைக்காக வெட்டிக்கொண்டே இருப்பார்கள், பழம் பிடிக்க விடுவதில்லை. இது ஒன்று மட்டும் தப்பி மரமாகிவிட்டது. சித்தாள் பிள்ளைகள் நேற்று ஒரு பை பறித்துக் கொடுத்தார்கள்.

பாப்பா: மாமா! இதுவும் பெர்ரிதான்!

மாமா: புழு தின்கிற செடி கண்ணு.

பாப்பா: புழுவுக்கு இலை, நமக்குப் பழம். பங்கு சரியாகத்தான் இருக்கிறது.

(தாவரவியல் படித்தவர்களைக் கேட்டால் ஸ்ட்ராபெர்ரியும் பெர்ரி இல்லை, மல்பெரியும் பெர்ரி இல்லை, தக்காளியும் கத்தரிக்காயும்தான் பெர்ரி என்பார்கள். நல்லவேளை, மாமாவுக்கு இது தெரியாது.)

பாப்பா: 200 கிராம் பிஸ்கெட் தூளுக்கு 100 கிராம் வெண்ணெய். உருக்கி ஊற்றணும். அந்த லைட்டரை எடுங்க.

மாமா: அடுப்பே வேண்டாம் என்றாயே?

பாப்பா: வெண்ணெய்க்கு மட்டும் மாமா.

மாமா: அதற்கு எதற்கு கேஸைச் செலவு பண்ணுகிறாய்? கிண்ணத்தைக் கொண்டுபோய் மொட்டை மாடியில் வை.

(வைத்தாள். உருகியது.)

மாமா: இரு, இரு. அள்ளிப் போடாதே. ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார். பிடி நிற்கணும், விரலால் தட்டினால் உதிரணும். இது தட்டுவதற்கு முன்பே உதிர்கிறது. சிமென்ட் பத்தவில்லை.

பாப்பா: வெண்ணெய் என்று சொல்லுங்க. கேட்கவே பல் கூசுகிறது.

மாமா: இன்னும் ரெண்டு ஸ்பூன் விடு. ம், இப்போது சரி. எதில் போடப்போகிறாய்?

பாப்பா: கண்ணாடித் தட்டில். அப்போதுதான் அடுக்கு அடுக்காகத் தெரியும்.

மாமா: ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. போவது என் ஸ்கூட்டரில். கண்ணாடித் தட்டை உன் தலையில் வைத்துக்கொள்வாயா? அடுக்கு தெரியணும் என்றால் அடுக்குப் பாத்திரத்தில் போடு. அந்த மூன்றடுக்கு டிபன் கேரியரை எடு. கீழே விழுந்தாலும் நசுங்குமே தவிர உடையாது.

(பாப்பா மனசில்லாமல் எடுத்தாள். டம்ளரின் அடிப்பாகத்தால் பிஸ்கெட்டை அமுக்க ஆரம்பித்தாள்.)

மாமா: நடுவில் குத்தாதே கண்ணு, ஓரம் எழும்பிக்கொள்ளும். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வா. திமிசு போடுவது என்றால் சும்மாவா? கொடு இப்படி.

(அடுத்த பத்து நிமிஷம் மாமா பேசவில்லை. மூன்று தட்டிலும் தளம் வழவழவென்று அமைந்துவிட்டது. சொந்த வீட்டுக் குளியலறைக்குக்கூட அவர் இவ்வளவு அக்கறை காட்டியதில்லை என்று அத்தை பிற்பாடு சொன்னது தனிக் கதை.)

மாமா: பேஸ்மட்டம் முடிந்தது. கிரீம்?

பாப்பா: அது ஒரு சோகம். கடையில் கொடுத்த கிரீமை அரை மணி நேரம் அடித்தேன், மோர் மாதிரியே இருந்தது. அப்புறம் அட்டையைப் பார்த்தால் கொழுப்பு 25 சதவீதம். 30க்கு மேல் இருந்தால்தான் நுரைத்து நிற்கும்.

மாமா: கம்பி கட்டாமல் தளம் போட்டிருக்கிறாய். எப்படி நிற்கும்?

பாப்பா: அதனால்தான் நேற்று ராத்திரியே ஒரு லிட்டர் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீரெல்லாம் வடிந்து பாதிகூட இல்லை. ஆனால் பாருங்க, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாது. இதில் பொடித்த சர்க்கரையும் ரெண்டு கரண்டி கிரீமும் ஏலக்காயும்.

மாமா: ராத்திரி குழாயில் தொங்கியது இதுதானா? நான் இருட்டில்... கண்ணு, அந்தத் துணி?

பாப்பா: உங்கள் பழைய வேட்டி. துவைத்துத்தான் கட்டினேன்.

மாமா: அது பழைய வேட்டி இல்லை. நாளைக்குக் கட்ட வைத்திருந்தது.

(தயிர்க் கிரீமை மட்டம் தட்டி பிரிட்ஜில் வைத்தார்கள். அதற்காக இட்லி மாவு வாளி வெளியே வந்தது. மாவு பொங்கியது பற்றி இருவரும் பேசாமல் இருக்க ஒப்புக்கொண்டார்கள். மத்தியானம் ரெண்டு மணி. பாப்பா பழத்தைச் சர்க்கரையோடு அடுப்பில் ஏற்றுகிறாள்.)

மாமா: அடுப்பே வேண்டாம் என்றாயே?

பாப்பா: இது கடைசி. மல்பெரிச் சாறு அரை லிட்டர், சைனா கிராஸ் 5 கிராம். முழுசாகக் கொதித்துக் கரையணும். எலுமிச்சம்பழத்தை இறக்கினதும் பிழியணும். கொதிக்கும்போது புளிப்பு சேர்ந்தால் பிடிப்பு விட்டுவிடும்.

மாமா: ஜெலட்டின் என்கிறார்களே, அது?

பாப்பா: அது எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. பெரியம்மா கிட்டேகூட வரமாட்டார்கள். அதோடு, 35 டிகிரி வந்தாலே இளகிவிடும். நம் ஊரில் கிண்ணத்தில் வைத்தால் டம்ளரில்தான் குடிக்கணும். சைனா கிராஸ் கடல்பாசி. ஒரு தடவை இறுகிவிட்டால் 85 டிகிரி வரைக்கும் அசையாது.

மாமா: இதைச் சொல்லு. இதுதான் நல்ல சிமென்ட். ஊற்று.

பாப்பா: கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கிரீமில் குழி விழும். கை பொறுக்கிற சூடு வரட்டும்.

(ஆறியது. ஊற்றினாள். கரு ஊதாவில் பளபளவென்று நின்றது. பிரிட்ஜைத் திறக்கப் போனாள். கரண்ட் போனது.)

மாமா: முடிந்தது கதை.

பாப்பா: இல்லை மாமா. சைனா கிராஸ் இறுக பிரிட்ஜே வேண்டியதில்லை. 40லிருந்து 35 டிகிரிக்குள் வெளியிலேயே இறுகும்.

மாமா: வெளியே எத்தனை?

பாப்பா: (போனைப் பார்த்து) 39.

மாமா: அப்படியென்றால் தீபாவளிக்குச் சாப்பிடலாம்.

பாப்பா: மலை இருக்கிறதே! ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். போகிற வழியிலேயே இறுகிவிடும். கிளம்புங்க.

மாமா: ஈரத் தளத்தை வண்டியில் ஏற்றுகிற முதல் ஆள் நீதான் கண்ணு. நாங்கள் தளம் போட்டால் ஒரு வாரம் நாயைக்கூட மேலே விடமாட்டோம்.

பாப்பா: உங்கள் தளத்தை யாரும் சாப்பிடப் போவதில்லை. எடுங்க வண்டியை.

(ஏற்காடு. சாயந்திரம் ஐந்தரை. காற்றில் குளிர். உள்ளே 18 பேரின் சத்தம். பின்கட்டில் டிபன் கேரியரின் கொக்கியை விடுவித்து முதல் தட்டைத் திறக்கிறார்கள்.)

பாப்பா: இறுகிவிட்டது மாமா! நான் சொன்னேன் இல்லையா? விரல் வைத்தால் பார், துள்ளுகிறது... என்ன இது?

மாமா: என்ன?

பாப்பா: இந்தப் பக்கம் ரெண்டு விரல் உயரம். அந்தப் பக்கம் கிரீம் எட்டிப் பார்க்கிறது.

மாமா: அடுத்த தட்டைத் திற. ம். மூன்றாவது?

பாப்பா: மூன்றும் ஒரே மாதிரி சரிந்திருக்கிறது. பிஸ்கெட் மட்டம், கிரீம் மட்டம், மேலே மட்டும் கூரை மாதிரி.

மாமா: பிஸ்கெட் என் வேலை, குறித்துக்கொள். இது பதினேழாவது வளைவு.

பாப்பா: அது எப்படித் தெரியும்?

மாமா: இன்ஜின் சூடாகிவிட்டது என்று அங்கேதானே கால் மணி நேரம் நின்றோம். நீ குரங்குக்குப் பயந்து கேரியரைத் தொடாதே, தொடாதே என்றாய். நானும் தொடவில்லை. வண்டி சைடு ஸ்டாண்டில் இடதுபக்கம் சாய்ந்து நின்றது. சரியாக அந்த இடத்தில்தான் உன் டிகிரி வந்திருக்கிறது.

பாப்பா: ஐயோ, பெரியம்மா வருகிறார்கள். ஏன் இப்படிச் சாய்ந்திருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்ல?

மாமா: மழைத்தண்ணீர் வடிய வாட்டம் விட்டிருக்கிறோம் என்று சொல்.